கத்திரி வெயிலில் பெய்த மழை

மரக்காணம்
18.6.2005

மாப்பிள்ளை ராஜவேல் அவர்களுக்கு, தனக்கோடி எழுதுவது.

அன்றைக்கு உப்பளத்தில் இருந்தவர்கள்: நான், லூர்துமேரி, தையல்நாயகி, மேஸ்திரி கன்னியப்பன், என் மகள் விஜயலட்சுமி, கேமராவைப் பிடித்துக்கொண்டு நீங்கள். ஆறு பேர். ஒரு நாயும் இருந்தது, அதை விட்டுவிடுகிறேன். மே மாதம் இருபத்துநாலு, செவ்வாய்க்கிழமை. கத்திரி முடிய நாலு நாள் பாக்கி. வானத்தில் ஒரு பஞ்சுத் துணுக்கு அளவுகூட மேகம் இல்லை.

நேற்று பஸ் கண்டக்டரிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய ஃப்ரேம் வந்தது. பிரித்துப் பார்த்தேன். வானம் முழுக்கக் கரிச்சட்டி அடிபோல மேகம். கோடுகோடாக மழை. ஆள் பழுப்பு, வரப்பு பழுப்பு, உப்பும் பழுப்பு. ஊடே கீறல், மூலையில் கறை, அறுபது வருஷம் பரணில் கிடந்த படம் மாதிரி. போதாததற்குக் கீழே ‘மழைக்கால உப்பளம்’ என்று எழுத்து வேறு.

மழைக்காலத்தில் உப்பளம் ஏது மாப்பிள்ளை? மழை விழுந்தால் விளைந்த உப்பு கரைந்து போகும். ஐப்பசி பிறந்தால் குவியலுக்குக் கீற்றுப் போட்டு மூடிவிட்டு நாங்கள் களை பறிக்கப் போய்விடுவோம். மழையில் நின்று உப்பு வாருகிறவளை எந்த ஊரில் பார்த்தீர்கள்?

இது விளையாட்டாக இருந்தால் விட்டிருப்பேன். காதுகுத்தில் நாற்பது போட்டோ எடுத்து, ஒன்றில்கூட என் தலை இல்லாமல், தட்டு பிடித்த கை மட்டும் விழும்படி எடுத்தவர்தானே நீங்கள். அதற்கே ஒன்பது வருஷமாக வாயைத் திறக்காமல் இருக்கிறேன். இது வேறு.

நீங்கள் படம் எடுத்தது பதினோரு மணிக்கு. பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டீர்கள். ஒரு மணிக்குக் கன்னியப்பன், “ஏ லூர்து, மோட்டாரைப் போட்டுட்டு வா” என்று அவளை அனுப்பினான். ஒயர் உப்புத் தண்ணீரில் கிடந்தது. தொட்டவள் திரும்பி வரவில்லை. எழவுக்கு விஜி வந்தாள். நீங்கள் முகூர்த்த ஆர்டர் என்று வரவில்லை.

இப்போது முதலாளி தரப்பில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? லூர்துமேரி வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறதாம். அன்றைக்கு ஆள் இல்லாத நேரம் பார்த்து, செம்புக் கம்பிக்காக மோட்டார் ஒயரை அறுக்க வந்தாளாம். திருட வந்த இடத்தில் செத்தாளாம். எங்கள் பெயரை அங்கே எந்த நோட்டிலும் எழுதுவதில்லை. அவள் மகள் ஸ்டெல்லா பத்தாவது பாஸ். பதினொன்றில் சேரப் போன இடத்தில் ஒருத்தி, “ஒயர்காரி பொண்ணு வருது” என்றாளாம். வீட்டுக்கு வந்து படுத்தவள்தான், எழுந்து வெளியே போகவில்லை.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி தொழிலாளர் அதிகாரி முன்னால் விசாரணை. அதனால் எடுத்த படத்தை எடுத்தபடியே, கலரோடு அனுப்புங்கள். சுனாமி அடித்துக்கொண்டு போன வரப்புகளை இந்த வருஷம் மாசியில்தான் இடையஞ்சாவடிச் செம்மண் கொண்டுவந்து போட்டுக் கட்டினார்கள். அதற்கு முன்னால் எல்லாம் களிமண் வரப்பு. லூர்து நிற்பது சிவப்பு வரப்பின் மேல். அது ஒன்று போதும், இந்த வருஷத்துப் படம் என்று யாருக்கும் தெரியும்.

உங்கள் போட்டோக் கடைக்குப் போன் போடலாமே என்பீர்கள். போனில் பேசினால் பிறகு, அப்படிச் சொல்லவில்லை என்பீர்கள். எழுத்தில் இருக்கட்டும். விஜிக்கு எழுதினால் உங்களைக் காப்பாற்றப் பாதியை மறைப்பாள். அதனால்தான் நேராக உங்களுக்கு.

தனக்கோடி


புதுச்சேரி
25.6.2005

மதிப்பிற்குரிய அத்தைக்கு, ராஜவேல் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு நானும் விஜியும் குழந்தையும் நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. இவ்வளவு கோபம் வரும் என்று நினைக்கவில்லை.

இப்போது தொழிலே இதுதான் அத்தை. எல்லார் வீட்டிலும் கேமரா வந்துவிட்டது. எடுத்தபடியே கொடுத்தால் யாரும் காசு கொடுப்பதில்லை. பீச்சில் மத்தியானம் எடுத்த படத்தை மார்கழி விடியல் மாதிரி நீலமாக்கிப் பனி போட்டுக் கொடுத்தால், “யப்பா, எங்க எடுத்தே?” என்று கேட்கிறார்கள். மொட்டை மாடியில் எடுத்த பெண்ணுக்குப் பின்னால் மழை வைக்கிறேன். மஞ்சளைக் கூட்டிக் கறுப்பைக் குறைத்து ஃபிலிம் புள்ளி போட்டால் தாத்தா காலத்துப் படம். ராத்திரி பகலாகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நானாகவே கற்றுக்கொண்டது.

உங்கள் படத்தில் கன்னியப்பன் கறுப்புக் குடை பிடித்து நின்றார். குடை இருக்கிறதே, மழை வைத்தால் பொருந்துமே என்று தோன்றியது. வேறு ஒன்றும் இல்லை. இறந்துபோன அந்த லூர்தம்மா அதில் இருந்ததால் கொஞ்சம் மரியாதையாகப் பழைய படம்போல இருக்கட்டும் என்றுதான் பழுப்பு நிறம் கொடுத்தேன்.

ஒரு நல்ல செய்தி. அந்தப் படத்துக்குப் புகைப்படக்காரர் சங்கப் போட்டியில் இரண்டாம் பரிசு. பேப்பரிலும் வந்தது. கட்டிங் வைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்ட அசல் விஷயம். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கேமராவில் இருந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அழித்துவிடுவேன், இடம் போதாது. கம்ப்யூட்டரில் மழை வைத்து முடித்தபோது தூக்கக் கலக்கத்தில் அதே பெயரிலேயே சேமித்துவிட்டேன். அப்படிச் செய்தால் பழையது போய்ப் புதியது உட்கார்ந்துவிடும். தேதியாவது இருக்குமா என்று பார்த்தேன். புதுக் கேமராவில் நான் தேதியே வைக்கவில்லை. எல்லாப் படத்திலும் 2003 ஜனவரி ஒன்று என்று இருக்கிறது.

போன கலர் இனி வராது. மன்னிக்கவும்.

ராஜவேல்


மரக்காணம்
3.7.2005

மாப்பிள்ளைக்கு,

பேப்பரில் வந்தது நல்ல செய்தி என்று எழுதியிருந்தீர்கள். யாருக்கு நல்ல செய்தி என்று சொல்கிறேன்.

வியாழக்கிழமை கன்னியப்பன் டீக்கடையில் அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். நான் போனேன்.

“என்னா தனக்கோடி, போட்டோல ஷோக்கா இருக்கியே” என்றான்.

“எப்ப எடுத்ததுன்னு சொல்லுடா” என்றேன்.

“கண்ணு தெரியலியா? மழை கொட்டுது, குடை பிடிச்சிக்கினு நிக்கிறேன். மூணு வருஷத்துக்கு முந்தி ஐப்பசியில எடுத்தது. அப்ப லூர்து வேலையில இருந்தா, யாரு இல்லன்னா? அப்பறம்தான் நின்னுட்டா. படமே எப்படிப் பழசா இருக்குது பாரு.”

டீக்கடையே தலையை ஆட்டியது. பேப்பரில் போட்டிருக்கிறதே.

கேட்டுக்கொண்டீர்களா? என் கையில் இருக்க வேண்டிய சாட்சி அவன் கையில் இருக்கிறது. அவனாக ஒரு பொய்யை உட்கார்ந்து ஜோடித்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது. மேகம் நீங்கள் கொடுத்தது. பழுப்பு நீங்கள் கொடுத்தது. வெயிலுக்குப் பிடித்த குடையை மழைக்குப் பிடித்த குடையாக்கியது நீங்கள்.

மரியாதைக்காகப் பழுப்பு நிறம் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். லூர்துமேரி அன்றைக்குக் கட்டியிருந்தது கிளிப்பச்சைச் சேலை. மகள் பாஸானால் புதுச்சேலை எடுப்பதாக மாதாவிடம் வேண்டிக்கொண்டு, ரிசல்ட் வரும் முன்னமே ஸ்டெல்லாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று எடுத்துவிட்டாள். உப்பளத்துக்கு யாராவது புதுச்சேலை கட்டுவார்களா என்று நான்தான் திட்டினேன். “ஒரு நாளு இருந்துட்டுப் போவட்டும்க்கா” என்றாள். அந்தப் பச்சையை எங்கே வைத்தீர்கள்? அதை அழிப்பதற்குப் பெயர் மரியாதையா?

ஃப்ரேமைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தேன். கோபத்தில் நேற்று எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. ஆனால் நாற்பது வருஷமாக நிழலைப் பார்த்துத்தான் நேரம் சொல்கிறேன். எங்கள் நாலு பேர் காலடியிலும் நிழல் விழுந்திருக்கிறது. குட்டையாக, கறுப்பாக, சோற்றுவேளைக்கு முந்தின நிழல். இவ்வளவு மேகத்துக்குக் கீழே நிழல் ஏது? மேலே மட்டும் மழை வைத்துவிட்டுக் கீழே இருந்த வெயிலை மறந்துவிட்டீர்கள். பரிசு கொடுத்தவர்களும் குனிந்து பார்க்கவில்லை.

தையல்நாயகி வீட்டுக்கும் போனேன். “நீ நேர்ல நின்னவ, வந்து சொல்லு” என்றேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “பார்க்கலாம்க்கா, புள்ளைக்கு உடம்பு சரியில்ல” என்றாள். பிள்ளை வாசலில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தது.

நிழலைப் பற்றி அதிகாரியிடம் நான் சொன்னால் கிழவி உளறுகிறாள் என்பார்கள். நீங்கள் வந்து சொல்ல வேண்டும்.

தனக்கோடி


புதுச்சேரி
12.7.2005

அத்தைக்கு,

நிழலை நான் கவனிக்கவே இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. ஒரு தொழில்காரனாக எனக்கு வெட்கமாக இருக்கிறது.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். மேகத்தை எடுத்துவிட்டு வெள்ளை வெயில் வானம் வைக்கிறேன். வரப்புக்குச் செம்மண் நிறம் கொடுக்கிறேன். சேலை கிளிப்பச்சை என்று எழுதியிருக்கிறீர்கள், அதையும் அப்படியே போட்டுவிடலாம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நிறம் சொன்னால் ஒரே நாளில் முடித்துவிடுவேன். ஓரத்தில் 24.5.2005 என்று தேதியும் வைக்கிறேன். முதலில் எடுத்த படம் மாதிரியே இருக்கும். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நடக்காததையா காட்டப் போகிறோம்? நடந்ததைத்தானே?

விசாரணைக்கு நேரில் வருவது மட்டும் கஷ்டம். கோபப்படாமல் கேளுங்கள். போட்டிக்கு அனுப்பும்போது, மழையில் நனைந்துகொண்டே பழைய ஃபிலிம் கேமராவில் எடுத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் மாற்றியதைச் சேர்க்க மாட்டார்கள். இப்போது போய் எல்லாம் நான் வரைந்த மழை என்று சொன்னால் பரிசு போகட்டும், சங்கத்தில் தலை காட்ட முடியாது. கடை வைத்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஒரு தடவைகூடக் கடைக்கு வந்து பார்க்காத உங்களுக்கு இது புரியுமா தெரியவில்லை.

ராஜவேல்


மரக்காணம்
19.7.2005

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது, அட, நல்ல யோசனையாக இருக்கிறதே என்று எனக்கும் தோன்றியது. அப்படித் தோன்ற வைத்தீர்களே, அந்தக் கோபம்தான் உங்கள் மேல் எல்லாவற்றையும்விட அதிகம். என்னையும் ஒரு நிமிஷம் கன்னியப்பனாக்கிவிட்டீர்கள்.

வேண்டாம். லூர்துமேரி நின்ற இடத்தில் நின்றாள். அதை நீங்கள் வரைந்து தர வேண்டாம். நாளைக்கு ஒருத்தன் வந்து, இந்தச் சிவப்பு ஒட்டவைத்த சிவப்பு என்று கண்டுபிடித்தால், அவள் திருடி, நான் திருடிக்கு வேண்டிய பொய்க்காரி. ஸ்டெல்லா எங்கே போவாள்?

எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. அன்றைக்கு நீங்கள் வந்து இறங்கியதும் விஜி என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அம்மா, நேத்து மெட்ராஸ் போய் கேமரா வாங்கினாரு, ராத்திரி அங்கயே அவரோட அத்தை வூட்ல தங்கிட்டு நேரா உன்ன எடுக்கத்தான் வர்றோம்.” நேற்று என்றால் திங்கட்கிழமை, இருபத்துமூன்று. நீங்கள் பையில் இருந்து பில்லை எடுத்து, ஒரு வருஷம் கேரண்டி என்று என்னிடம் காட்டினீர்கள். எனக்கு எதற்குக் காட்டினீர்களோ. நல்லவேளை, காட்டினீர்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். இருபத்துமூன்றாம் தேதிக்கு முன்னால் அந்தக் கேமரா உங்கள் கையில் இல்லை. இருபத்துநாலு மத்தியானத்துக்குப் பின்னால் லூர்துமேரி இல்லை. அந்தக் கேமராவில் அவள் உயிரோடு நிற்கிறாள் என்றால் அது எந்த நாள்? நடுவில் ஒரு காலைப்பொழுதுதானே இருக்கிறது?

ஆனால் அது ஃபிலிம் படம் இல்லை, இந்தக் கேமராவில் எடுத்தது, கீறலும் கறையும் மழையும் நான் வைத்தது என்று நீங்கள் வாய் திறந்து சொன்னால்தான் அந்தப் பில்லுக்கு மதிப்பு. உங்கள் பரிசுக்கும் அவள் பெயருக்கும் நடுவில் நீங்கள் நிற்கிறீர்கள். நான் இதற்கு மேல் கெஞ்ச மாட்டேன்.

கடைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். திறப்பு விழாப் பத்திரிகையில் என் பெயரைப் போடவில்லை. போடாத இடத்துக்கு நான் போவதில்லை.

தனக்கோடி


புதுச்சேரி
30.7.2005

அத்தைக்கு,

பில் இருக்கிறது. கேமரா பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன். 23.5.2005, திங்கள்.

இன்னொன்றும் கிடைத்தது. கேமரா ஒவ்வொரு படத்துக்கும் தானாக எண் போடும். அதே பெயரில் சேமித்துத் தொலைத்தேன் என்று எழுதினேன் அல்லவா? அதனால் எண் மாறாமல் இருக்கிறது. உங்கள் படம் ஒன்பதாவது. எட்டாவது, விஜி பஸ் ஜன்னலில். பத்தாவது, அந்த நாய். அவற்றை நான் தொடவில்லை. நாய் நிற்கும் வரப்பு சிவப்பாக இருக்கிறது.

விஜி எட்டு நாளாக என்னிடம் பேசவில்லை. உங்கள் கடிதத்தை அவளும் படித்துவிட்டாள். நேற்று ராத்திரி சோறு போட்டுவிட்டு, “உங்களுக்குப் பயமா இருந்தா பில்லைக் குடுங்க, நான் போய்ச் சொல்றேன்” என்றாள். எட்டு நாளில் அந்த ஒரு பேச்சுதான்.

இன்று சங்கத்துக்குக் கடிதம் எழுதிப் பரிசைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஒன்பதாம் தேதி வருகிறேன். வாயால் சொன்னால் நம்புவார்களா என்று தெரியவில்லை. அதனால் கம்ப்யூட்டரையே வேனில் ஏற்றிக்கொண்டு வரப்போகிறேன். அங்கே கரண்ட் இருக்குமா என்று மட்டும் விசாரித்து வையுங்கள்.

ராஜவேல்


மரக்காணம்
2.10.2005

மாப்பிள்ளைக்கு,

உத்தரவு வந்துவிட்டது. ஸ்டெல்லாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். லூர்துமேரி அன்றைய தேதியில் அந்த உப்பளத்தில் வேலை பார்த்தவள், வேலைக்காக அனுப்பப்பட்ட இடத்தில் இறந்தாள் என்று எழுதியிருக்கிறது. அந்த வரியை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை பாதியில் நிறுத்திவிட்டு அழுதாள். திங்கட்கிழமையில் இருந்து பள்ளிக்கூடம் போகிறாள். மூன்று மாசப் பாடம் விட்டுப்போச்சு, ஒரு வாத்தியார் எழுதிக்கொள்ள நோட்டு கொடுத்தாராம்.

விசாரணை அன்றைக்கு உங்களோடு நான் சரியாகப் பேசவில்லை. இப்போது எழுதுகிறேன். நீங்கள் அதிகாரியையே நாற்காலியோடு போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கால் மணி நேரத்தில் அவர் தலையில் மழையைக் கொட்டி, பழுப்பாக்கி, கீறலும் போட்டுக் காட்டினீர்களே, அப்போது அவர் முதலில் சிரித்தார். “எங்க அப்பா மாதிரி இருக்கேனேய்யா” என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கன்னியப்பன் பக்கம் திரும்பி, “உங்க குடைக்கு மழை எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்ப தெரியுதா?” என்றார். அந்தக் கேள்விக்காக நான் இன்னும் பத்து மைல் நடந்திருப்பேன். எல்லார் முன்னாலும், “பரிசுக்காகப் பொய் எழுதிக் கொடுத்தேங்க” என்று நீங்கள் சொன்னபோது உங்கள் காது சிவந்துபோனதையும் பார்த்தேன். என் மகளைக் கொடுத்தது தப்பில்லை என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

என்னை உப்பளத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எப்படியும் ஐப்பசி வரப்போகிறது, இப்போது வேலை இல்லை. தை பிறந்தால் வேறு முதலாளியிடம் கேட்பேன்.

ஆத்திரம் தீர்ந்ததா என்று விஜி கேட்டிருந்தாள். தீரவில்லை. கன்னியப்பன் பொய் சொன்னான். முதலாளி வீட்டுச் சோறு தின்கிறவன், சொல்லத்தான் செய்வான். அந்தப் பொய்க்கு ஒரு முனை இருந்தது, பிடித்து இழுத்தோம், வந்துவிட்டது. அவனை விட்டுவிட்டேன். உங்களையும் விட்டுவிட்டேன், அழித்ததை அழித்தேன் என்று சொன்னீர்கள்.

ஆனால் அன்றைக்கு அதிகாரி, “இந்தப் படத்துல இருக்கிறது நீதானேம்மா, எப்ப எடுத்தாங்க?” என்று அன்பாகத்தான் கேட்டார். ஒருத்தி தரையைப் பார்த்துக்கொண்டு, “எந்த நாளுன்னு ஞாபகம் இல்லீங்க” என்றாள். படத்தில் லூர்துவின் கை அவள் தோளில் இருக்கிறது. பொணத்தைக் குளிப்பாட்டியவள் அவள்தான். அந்தப் பச்சைச் சேலையைப் பிழிந்து கொடியில் போட்டவளும் அவள்தான். ஞாபகம் இல்லையாம். இதை எந்தப் பில்லைக் காட்டி உடைப்பது? எந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவருவது?

அவள் குடியிருக்கிற குடிசை முதலாளி மனையில் இருக்கிறது. எனக்குத் தெரியும். “நான் பயப்படுறேன்க்கா” என்று என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே அவளை வரவேண்டாம் என்றிருப்பேன்.

உத்தரவு வந்த மறுநாள் தூக்கில் கருவாட்டுக் குழம்போடு வந்தாள். உட்கார்ந்தாள். “அக்கா, இப்பத்தான் எல்லாம் ஞாபகம் வருது. லூர்து அன்னிக்கு என்மேல கை போட்டுக்கினு என்னாமா சிரிச்சா!” என்று கண்ணைத் துடைத்தாள்.

தூக்கை அவள் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டேன். தெருவில் எதிரே வந்தாலும் இனி அவளோடு பேச்சில்லை. நான் போன பிறகு யாராவது என் சார்பில் சமாதானம் பேசிவிடப் போகிறீர்கள் என்பதற்காக உங்களிடம் பெயரையும் எழுதி வைக்கிறேன். நான் மன்னிக்காதவள் ஒருத்திதான்.

தையல்நாயகி.